இளவரசி மிதித்த பாய்

இளவரசிக்குக் கல்யாணம் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கே மாதாலோவா ஊர்ப் பன்றிகளுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது. ஊர்ப் பிரபுவின் ஆள் வீடு வீடாக வந்து, தெருவில் திரிந்ததில் கொழுத்ததாகப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனான். கை காட்டிய பன்றியை வீட்டுக்காரன் அப்புறம் எதற்காகவும் அறுக்கக் கூடாது. தேங்காய் போட்டு வளர்த்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் தலைநகருக்கு லாரியில் ஏற்றிவிட வேண்டும். வள்ளிக்கிழங்குக்கும் அதே கதைதான். டோங்காவில் ராஜா வீட்டு விசேஷம் என்றால் ஊர் முழுக்கச் சீர் செய்தாக வேண்டும். அதில் பெருமையும் உண்டு, முணுமுணுப்பும் உண்டு. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வரும்.

உங்காதேயா முணுமுணுக்கிறவள் இல்லை. அவள் வீட்டுச் சுவரில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் அரச குடும்பத்தின் படம் தொங்கியது. சாமிக்கு மரியாதையாக ஒரு விரற்கடை கீழே மாட்டியிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். இளவரசி கைக்குழந்தையாக இருந்த படம், பள்ளிக்கூட உடுப்பில் நின்ற படம் எல்லாம் வெட்டி ஒட்டியிருந்தாள். பன்றியைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். இன்னொன்று வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். ஆனால் நாத்தனார் சியூதீதி வந்து கேட்டது பன்றியை இல்லை.

சியூதீதி உள்ளே நுழைந்ததும் அவளுடைய தம்பி சோசாயா பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான். அக்காள் இருக்கிற அறையில் தம்பி இருக்கமாட்டான். அண்ணன் தங்கை ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சினிமாகூடப் பார்க்கமாட்டார்கள். அது இங்கே வழக்கம், சோசாயாவுக்கோ அது வசதியும்கூட. அவன் பெண்டாட்டி உங்காதேயாதான் தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் உட்கார்ந்த நாத்தனாரை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

"பாய எடு, பாப்போம்" என்றாள் சியூதீதி.

"எந்தப் பாய் மதினி?"

"எத்தனை பாய் வச்சிருக்க நீ? கட்டிலுக்கு அடியில சுருட்டிக் கிடக்கே, அதத்தான் கேக்கேன்."

"அது நம்ம பிள்ளை லூப்பே கல்யாணத்துக்கு நெஞ்சது."

"அப்படியா? எப்பக் கல்யாணம்? சொல்லு, நானும் வந்து ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போறேன்."

உங்காதேயா கட்டிலுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"முப்பத்திரண்டு வயசாச்சு அவளுக்கு. இன்னும் கட்டிலுக்கு அடியில போட்டு வச்சிருக்க. கரையானுக்கா கல்யாணம் பண்ணப் போற? பிரபு என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, கோயில் வாசல்ல இளவரசி மிதிக்கிறதுக்கு நம்ம ஊருப் பாய் ஒண்ணு விரிக்கணும்னு. ஊர்ல இதவிட நயமான பாய் எங்க இருக்கு? நீயே சொல்லு."

புகழ்ச்சியா, பிடுங்கலா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி பேசுவதில் சியூதீதி கெட்டிக்காரி. அவள் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தம்பி வீட்டில் அக்காள் எதைத் தொட்டாலும் அது அவளுக்குத்தான். பிள்ளைகளுக்கு அத்தைதான் அப்பாவுக்கும் மேலே. பெயர் வைப்பதிலிருந்து கல்யாணப் பாயில் முதலில் உட்காருவது வரைக்கும் எல்லாம் அத்தையின் உரிமை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தாரேன்" என்று எழுந்தாள். "நீயாக் கொண்டாந்தா உனக்கு மரியாதை. நானா வந்து எடுத்தா, அதுவும் எனக்கு மரியாதைதான்."

அவள் போன பிறகு உங்காதேயா பாயை வெளியே இழுத்து விரித்தாள். தாழை ஓலையை வேகவைத்து, கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுத்து, நூல்போலக் கிழித்து நெய்த பாய். கையில் எடுத்தால் துணியா ஓலையா என்று தெரியாது. லூப்பே வயசுக்கு வந்த வருஷம் தொடங்கி, அவள் டீச்சர் வேலைக்குப் போன வருஷம் முடித்தாள். ஒரு மூலையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு நெசவு கோணல்மாணலாக இருக்கும். அது லூப்பே பதினைந்து வயதில், "நானும் கொஞ்சம் நெய்றேன்மா" என்று அடம்பிடித்து நெய்தது. பிரித்து மறுபடி நெய்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். உங்காதேயாவுக்கு மனசு வரவில்லை.

அந்தப் பாய் விரிக்கப்படாமல் போனதற்குக் காரணமும் அவள்தான்.

லூப்பேக்கு ஃபெலெதி என்கிற பையன்மேல் ஆசை வந்தது. நல்ல பையன். கோயில் பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுவான். குடிக்கமாட்டான். ஆனால் லூப்பேயின் பூட்டியும் ஃபெலெதியின் பூட்டியும், இரண்டு கொள்ளுப்பாட்டிகளும், கூடப் பிறந்தவர்கள். முறைப்பையன் என்று ஒருவன் இந்தத் தீவில் கிடையாது. மாமன் மகன், அத்தை மகன், சித்தப்பா மகன், அவர்களுடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் எல்லாரும் அண்ணன் தம்பிதான், அக்காள் தங்கைதான். ஊருக்குத் தெரிந்தபோது உங்காதேயாவுக்குத் தலையில் இடி விழுந்தது. ஃபெலெதியின் அம்மா வைசிமா வீட்டு முற்றத்தில் போய் நின்று, தெரு கூடுகிற மாதிரி கத்தினாள். "உன் மகன் தங்கச்சி கையப் பிடிக்கான், நீ அடுப்பு ஊதிக்கிட்டு இருக்க" என்று கேட்டாள். போதகரிடம் போய் அழுதாள். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லாமல் பிரசங்கம் பண்ணினார். சொல்லாத பெயர் எல்லாருக்கும் கேட்டது. அந்த மாதமே ஃபெலெதியை ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பாவிடம் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

லூப்பே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அம்மா பார்க்க. அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை வருமா, வரும். துணி காய்ந்துவிட்டதா, காய்ந்துவிட்டது. அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சண்டை போட்டிருந்தால் உங்காதேயா எப்படியாவது சமாளித்திருப்பாள். வீட்டுக்குள் ஒரு மரியாதையான வாடகைக்காரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊர்ப் பெண்கள் எல்லாரும் கொட்டகையில் உட்கார்ந்து கல்யாணத்துக்கான மரப்பட்டைத் துணியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டையை மரக்கட்டையால் தட்டித் தட்டி விரித்து, கிழங்குப் பசை தடவி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் நீளும்படி செய்ய வேண்டும். கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்குமா?

"மாப்பிள்ளையப் பாத்தியா பேப்பர்ல?" என்றாள் ஃபூசி. ஊரில் வாய்த்துடுக்குக்குப் பெயர்போனவள். "அந்த உடம்புக்கு நம்ம கொடுக்கிற பன்னி ஒரு வேளைக்குத்தான் காணும்."

"ரோடெல்லாம் போட்டுட்டாங்களாம்" என்றாள் இன்னொருத்தி.

"ஊர்கோலம் போற ரோட்ட மட்டும். நம்ம ரோட்டுக்கு இளவரசி ரெண்டாங் கல்யாணம் பண்ணுனாத்தான் உண்டு."

சிரிப்பு அடங்குவதற்குள் ஃபூசி மறுபடியும் ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணுதான் விளங்கல. இளவரசியோட தாத்தாவும் மாப்பிள்ளையோட பாட்டியும் கூடப் பிறந்தவங்க, இல்லையா? நமக்குன்னா பூட்டி வழிச் சொந்தமே ஆகாது. அவங்களுக்குப் பாட்டி வழியே ஆகுது. மேல போகப் போகப் போதகருக்குக் கண்ணு மங்கிருமோ?"

"வாயக் கழுவு" என்றாள் சியூதீதி. "அது ராஜ ரத்தம். வெளிய போனா நீர்த்துரும். அதனால உள்ளுக்குள்ளயே வச்சுக்கிடுதாங்க."

"நம்ம ரத்தம் ஏற்கனவே தண்ணிதானே மதினி. அதுல என்ன கலந்தா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். உங்காதேயாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிமிர்ந்து பார்த்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு லூப்பே கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். பிள்ளைகள் இளநீர் கொண்டுவந்திருந்தார்கள். யாரோ ஃபூசியின் தொடையைக் கிள்ளினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. லூப்பே எல்லாருக்கும் இளநீர் கொடுக்கச் சொல்லி, பிள்ளைகள் கொடுத்து முடிக்கிற வரைக்கும் நின்று, "வாரேன் அத்தை" என்று சியூதீதியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்த பிறகு உங்காதேயா இளநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

அவர்கள் வீட்டில் உடைந்தால் மண்குடம், நம் வீட்டில் உடைந்தால் பொன்குடமா? இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லை. ராஜா வீட்டைப் பற்றி அவள் கேள்வி கேட்டதில்லை. இளவரசி யாரைக் கட்டினாலும் அவளுக்குச் சந்தோஷம்தான், அந்தச் சந்தோஷம் இப்போதும் பொய்யில்லை. ஆனால் படத்தில் இளவரசி சிரிக்கும்போது அவளுக்குக் கோபம் வந்தது. தன் மகளைவிட இரண்டு வயது சின்னவள். தாத்தா வழிச் சொந்தத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் சிரிக்கிறாள். என் பிள்ளை பூட்டி வழிச் சொந்தத்தை நினைத்ததற்கு நான் தெருவில் நின்று கத்தினேன். என்ன பாவி நான்! யாருக்குப் பயந்து கத்தினேன்?

சனிக்கிழமை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பாயைக் கொடுக்கப் போவதில்லை. கல்யாணத்துக்காக ஆக்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்குகிறார்களே, ஃபெலெதியும் வரட்டும். போதகர் மறுத்தால், இளவரசிக்கு ஆசீர்வாதம் பண்ணப் போகிற வாய் எங்களுக்கு ஏன் பண்ணாது என்று கேட்போம். நாத்தனார் குதித்தால் குதிக்கட்டும்.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். வைசிமா பவளப்பாறைமேல் குனிந்து குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உங்காதேயா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போனாள்.

"என்ன, ராஜா கல்யாணத்துக்குச் சிப்பி வேணுமா?" வைசிமா நிமிராமலே கேட்டாள். "உன் நாத்தனார் சொல்லி அனுப்பிட்டா. போ."

"சிப்பிக்கு வரல. ஃபெலெதி வாரானா?"

"எதுக்குக் கேக்க? வந்தா மறுபடியும் முத்தத்துல வந்து நிக்கவா?"

"இல்ல வைசிமா. வந்தா… நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவங்க ரெண்டு பேரும் எப்படி நினைக்காங்களோ அப்படியே இருக்கட்டும். போதகர்ட்ட நானே பேசுறேன்."

வைசிமா இப்போதுதான் நிமிர்ந்தாள். சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"இளவரசி கட்டப் போற சேதி கேட்டதும் உனக்குப் புத்தி வந்திருச்சா? பந்தி முடிஞ்சு எச்சி இலையும் எடுத்தாச்சு, நீ இப்ப வந்து சாப்பிட உக்காருங்கிற. அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அந்த ஊர்ப் பொண்ணு. நல்ல பொண்ணுதான், அவ பேசுறதுதான் எனக்கு விளங்காது. பிள்ளையும் இருக்கு."

அலை வந்து உங்காதேயாவின் தொடை வரைக்கும் நனைத்தது.

"எங்கிட்ட யாருமே சொல்லல."

"உங்கிட்டப் போய் ஃபெலெதி பேர எடுக்க யாருக்குத் தைரியம்? ஊருக்கே தெரியும்."

"லூப்பேக்கு?"

"அவளுக்குத் தெரியாமலா! பிள்ளைக்குப் பேரு வச்சதே அவதானே."

"என்ன பேரு?"

வைசிமா ஒரு சிப்பியைக் கூடையில் எறிந்தாள். "உங்காதேயா. வேற பேரே கிடைக்கல பாரு. தினமும் போன்ல, உங்காதேயாக் கண்ணு, உங்காதேயாச் செல்லம்னு உன் பேரச் சொல்லிக் கொஞ்ச வேண்டியிருக்கு. என் தலையெழுத்து!"

அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள். தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்று யாரோ கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது லூப்பே பிள்ளைகள் பிடிப்பதற்காகக் காகிதக் கொடிகளைக் குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். உங்காதேயா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

"பாய் எங்க?"

"அத்தைகிட்ட குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எனக்கு நெஞ்ச பாய்தானேம்மா?"

ஈரப் பாவாடையோடு உங்காதேயா தரையில் உட்கார்ந்தாள். "வைசிமாவப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

லூப்பே ஒட்டின கொடியைக் கீழே வைத்தாள். பிறகு அடுத்த கொடியை எடுத்தாள்.

"ஏன்டி பேரு வச்ச? அந்தப் பிள்ளைக்கு நீ யாரு?"

"அத்தை" என்றாள் லூப்பே. "நீதானேம்மா சொன்ன, அவன் எனக்கு அண்ணன்னு? கோயில்ல வச்சே சொல்ல வச்ச. அண்ணன் பிள்ளைக்கு அத்தைதானே பேரு வைக்கணும்? பிறந்தப்ப போர்த்துற துணியும் நான்தான் அனுப்புனேன். அவங்களும் முறையாத்தான் எங்கிட்டக் கேட்டாங்க. நான் முறையாத்தான் செஞ்சேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் உங்காதேயா தாங்கியிருப்பாள். தான் போட்ட கோட்டை மகள் ஒரு அடிகூடத் தாண்டவில்லை. கோட்டின்மேலேயே ஒன்பது வருஷமாக நின்றிருக்கிறாள்.

"என் பேர ஏன் வச்ச?"

லூப்பே கொடியில் பசையைத் தடவி, குச்சியைச் சுற்றி ஒட்டி, அழுத்திப் பிடித்தாள்.

"அந்தப் பேர ஒரு தடவையாவது பிரியமாச் சொல்லிப் பாக்கணும்னு தோணுச்சு" என்றாள் லூப்பே. "அதான்."

அன்றைக்கு ராத்திரி சோசாயா அவித்த கிழங்கைத் தின்றுவிட்டு, ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தும் தெரியாதவன்போலப் படுத்துக்கொண்டான்.

கல்யாணத்தன்று விடியுமுன்னே ஊரே லாரிகளில் ஏறித் தலைநகருக்குப் போனது. மாதாலோவாக்காரர்களுக்குக் கோயில் வாசலுக்கு நேர் எதிரே இடம். எல்லாரும் டோங்கா வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் சின்னப் பாய் கட்டி, கறுப்பு உடுத்தி, புல்லில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அரச குடும்பம் கடக்கும்போது யாரும் நிற்கக் கூடாது. அவர்கள் தலைக்குமேல் நம் தலை உயரக் கூடாது. லூப்பே பள்ளிக்கூடப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உங்காதேயா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். லூப்பே நகர்ந்து இடம் விட்டாள், யாருக்கும் விடுவதுபோல.

வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் மரப்பட்டைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் நடுவில் ஒரே ஒரு பாய்.

"பாத்தியா நம்ம பாய!" சியூதீதி பின்னாலிருந்து முதுகில் தட்டினாள். அவள் கண்ணிலே தண்ணீர். "எத்தனை ஊரு குடுத்துச்சு! நம்மதத்தான் நடுவுல போட்டிருக்காங்க. உங்காதேயா, நீ நெஞ்ச பாய்டி!"

உங்காதேயாவுக்கு நெஞ்சு விம்மியது. பெருமைதான். சீ, இது என்ன பெருமை என்று தன்னைத் தானே கடிந்துகொண்டும் அது போகவில்லை. பேண்டு வாத்தியம் முழங்கியது. பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். காரிலிருந்து இளவரசி இறங்கினாள். படத்தில் இருப்பதைவிட மெலிந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. பயந்த பிள்ளைபோல ஒரு நொடி நின்றாள். சுவரில் ஒட்டி ஒட்டி வளர்த்த பிள்ளை. உங்காதேயா அழுதுவிட்டாள். நல்லா இரும்மா என்று வாய் முணுமுணுத்தது. அது மனசிலிருந்துதான் வந்தது.

"எனக்காக நீ அழுது நான் பாத்ததில்லையேம்மா" என்றாள் லூப்பே, பிள்ளைகள் பாட்டுக்கு நடுவில். குற்றம் சாட்டுகிற மாதிரிகூட இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

உங்காதேயா வாயைத் திறப்பதற்குள் இளவரசி பாயின்மேல் கால் வைத்தாள். நடுவில் நடக்காமல், அங்கியின் கனத்தால் ஓரமாகச் சாய்ந்து நடந்தாள். அந்த மூலைக்குத்தான் போகிறாள். கோணல்மாணலான அந்த ஒரு சாணை நோக்கித்தான் அந்த வெள்ளைச் செருப்பு போகிறது. பதினைந்து வயதுக் கை நெய்த இடம். உங்காதேயாவுக்கு என்ன வந்ததென்று அவளுக்கே தெரியாது. மிதிக்காதே என்று சொல்லவா, மிதித்துவிட்டாளா என்று பார்க்கவா, அவள் முழங்காலை ஊன்றி எழுந்துவிட்டாள். அத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் ஒருத்தி நின்றாள்.

"ஏய், உக்காரு!" போலீஸ்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினான். "ஐயோ, மானம் போச்சு" என்று சியூதீதி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

லூப்பே அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்துக் கீழே இழுத்தாள். ஒன்பது வருஷத்தில் மகள் அவளைத் தொடுவது இதுதான் முதல் தடவை. உள்ளங்கை சூடாக இருந்தது, முந்தின ராத்திரி வரை கொடி ஒட்டின பசை காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"உக்காரும்மா" என்றாள் லூப்பே. "அவங்க போறப்ப நாம நிக்கக் கூடாது."

உங்காதேயா உட்கார்ந்தாள். இளவரசி எங்கே மிதித்தாள் என்று அவள் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சரியாக உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் லூப்பே கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையைத் தூக்கி, கொடியை ஆட்டுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சாடை காட்டினாள்.